அடுத்த டாக்டர் திறந்த பல்

பல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் வருகிற டாக்டரம்மா ரொம்பத் தங்கமானவளாக இருந்தாள். ஏழைகளுக்கு இரங்குகிறாள், இளையவர்களைத் தட்டிக் கொடுக்கிறாள், யார் மேலும் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த அம்மாளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இது நான் பொறாமைப்பட்ட கதை. யார் மேல் பொறாமைப்பட்டேனோ அவள் இன்னும் பணியில் இருக்கிறாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பாராட்டியது போலாகிவிடும். அந்த அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபேக்டரியில் இருந்தார். எங்கள் தோட்டத்துச் சர்ச்சில் நான் பல் டாக்டருக்குப் படித்து முடித்ததற்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டமே வைத்தார்கள். சர்வீஸில் பெரும்பகுதி ஏலக்காய் மலையில், எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கழிந்தது. அங்கே போர்டெல்லாம் மலையாளம், ஓபி சீட்டு மலையாளம், கவுன்ட்டரில் இருப்பவர்கள் பேசுவது மலையாளம். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ். அந்தக் கட்டிடத்தில் "எங்க வலிக்குது?" என்று கேட்கிற ஒரே டாக்டர் நான்தான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். என்னைக் கேட்காமல் அந்த ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜனங்களில் ஒரு கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மலைக்குக் கீழே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தினமும் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி மேலே வந்து, ஏலக்காய் எடுத்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் அதே ஜீப்பில் இறங்கிப் போகிற பெண்கள். அவர்களுக்கு இந்த மாநிலத்து ரேஷன் கார்டு கிடையாது, இன்சூரன்ஸ் அட்டை கிடையாது. சீட்டு எழுதுகிறவர் விலாசம் கேட்டால் அன்றைக்கு வேலை செய்கிற தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். அடுத்த மாதம் அது வேறு தோட்டமாக இருக்கும். ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து லயங்களில் தங்கியிருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குப் பேச்சும் புரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒரு பெரியவர் இவர்களைப் பற்றி ஒன்று சொன்னார். "இவங்களுக்கு உன் சேர்ல ஒரு தடவைதான் உக்கார நேரம் இருக்கும். அந்த ஒரு தடவையில வலியைத் தீர்த்து அனுப்பிடு." நல்ல மனிதர், நல்ல கை. அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரியாகவும் இருந்திருக்கலாம். நான் அதைச் சட்டமாக்கிக்கொண்டேன். பல்லைக் காப்பாற்றுகிற ரூட் கனால் என்றால் மூன்று தடவையாவது வர வேண்டும். ஜீப்பில் வருகிறவர்கள் எங்கே திரும்பி வரப் போகிறார்கள்? பிடுங்கு. லயத்து இந்திக்காரரா? பிடுங்கு. போகப் போக, மண் ஒட்டிய ரப்பர் பூட்ஸும் தூக்குவாளியும் வாசலில் தெரிந்தாலே என் கை பல் பிடுங்கும் இடுக்கியைத் தேட ஆரம்பித்தது. வாயைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். அவர்களும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வலி போனது இல்லையா?

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. ரிட்டயர்மென்டுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது எனக்கு ஜூனியராக அவள் வந்தாள்.

கோட்டயம் பக்கத்துப் பெண். தமிழ் என்றால் நாலு வார்த்தை. "வேதனை உண்டோ?" என்பாள், பிறகு யோசித்து "வலி, வலி" என்பாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. இவள் எங்கள் ஆட்களிடம் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள் என்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

ஒரு வருஷத்துக்குள் அவள் அறை வாசலில் பெஞ்சு போதவில்லை.

அவள் என்ன செய்தாள் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நல்லெண்ணத்தில் விசாரிக்கவில்லை. ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று பார்த்தேன். அவள் ஜீப் டிரைவர்களிடம் போய், எத்தனை மணிக்கு எங்கள் வாசலைக் கடக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஏழரை என்றார்கள். எங்கள் ஓபி ஒன்பதுக்கு. இவள் ஏழரைக்கே வந்து அறையைத் திறந்து வைத்தாள். முன்னால் போகிற ஜீப் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போகும். கடைசி ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போகும். தோட்டத்துக் கங்காணிகளை நேரில் பார்த்து, அந்தப் பெண்கள் அரைமணி தாமதமாக வந்தால் திருப்பி அனுப்பாமல் வேலை கொடுக்க ஏற்பாடு செய்தாள். அடுத்து வர வேண்டிய நாளை அவள் காலண்டர் பார்த்துச் சொல்லவில்லை. உங்கள் தோட்டத்தில் இந்தச் சுற்றுக் காய் எடுப்பு எப்போது முடிகிறது என்று கேட்டு, அதற்கு மறுநாளைக் குறித்துக் கொடுத்தாள். மருந்து கவுன்ட்டர் ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்பதால், அவசர மாத்திரைகளை ஸ்டோரில் முன்கூட்டியே எழுதி வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஒரு மந்திரமும் இல்லை. அவர்கள் மூன்று தடவையும் வந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் உதவியாளர் எஸ்தர் லயத்துப் பிள்ளை, என்னைப் போல. எனக்கு ஒன்பதுக்குச் சரியாக வருகிறவள், ஜூனியருக்கு மட்டும் ஏழேகாலுக்கே வந்து கருவிகளை எடுத்து வைத்தாள். ஜீப் பெண்கள் ஜூனியருக்குக் கொய்யாப்பழம் கொண்டு வந்தார்கள், பேப்பரில் மடித்துப் பச்சை ஏலக்காய் கொண்டு வந்தார்கள். எனக்கு ஏலக்காய் வாசனையே ஆகாது. ஆனாலும் எனக்கு ஒருத்தியும் கொண்டு வரவில்லையே என்று வயிறு எரிந்தது. கை கழுவப் போகிற சாக்கில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் அறையைக் கடந்து போனேன். என் கை அந்த வருஷம் இருந்த சுத்தத்துக்கு எனக்கு ஒரு சர்டிஃபிகேட்டே கொடுத்திருக்கலாம்.

வெளியே தெரிந்தது இவ்வளவு. உள்ளே இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவளிடம் திரும்பி வருகிறார்கள் என்றால், நான் கேட்டிருந்தால் என்னிடமும் வந்திருப்பார்கள். அப்படியானால் நான் பிடுங்கிப் போட்ட பற்களில் எத்தனை பிழைத்திருக்கும்? முப்பது வயதில் பொக்கை விழுந்த என் ஜனங்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். அதை நினைப்பதைவிட அவள் மேல் எரிச்சல் படுவது சுலபமாக இருந்தது.

இனி ஒரு வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவள் பயிற்சிக்கு என்று மூன்று நாள் வெளியூர் போயிருந்தாள். அவள் இல்லாத நாட்களில் காலை ஜீப்பைப் பார்க்கும்படி சூப்பரின்டென்டென்ட் என்னிடம் சொல்லியிருந்தார். வேண்டா வெறுப்பாக ஏழேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது தாடையைத் துண்டால் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"அந்த மலையாளத்து டாக்டரம்மா இல்லையாம்மா?"

"இல்லை."

"எப்ப வருவாக?"

"திங்கக்கிழமை. ஏன், என்கிட்ட சொன்னா ஆகாதா?"

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லம்மா. தாடை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அவுக இல்லேன்னா, நீங்களே பாத்தாலும் சரிதான்."

நீங்களே பாத்தாலும் சரிதான். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வலியில் இருக்கிறவள் அப்படித்தான் சொல்லுவாள். ஆனால் என் பாஷை பேசுகிற ஒரு பெண், என் ஆஸ்பத்திரியில், என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

வாயைப் பார்த்தேன். கீழ்க் கடைவாயில் என் ஜூனியர் செய்த வேலை. பாதி முடிந்து, தற்காலிகமாக அடைத்து வைத்திருந்தாள். சுற்றி ஈறு லேசாக வீங்கியிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. அடைப்பை எடுத்துத் திறந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் பாதி வலி இறங்கிவிடும். அந்த வேலையின் நேர்த்தியும் தெரிந்தது. நான் எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கக்கூடிய பல்லை அவள் அவ்வளவு அழகாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இறுகியது.

நம் தொழிலில் ஒரு மரியாதை உண்டு என்று உங்களுக்கும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த டாக்டர் திறந்து பாதியில் வைத்திருக்கிற பல்லை நாம் தொடுவதில்லை. உள்ளே என்ன மருந்து வைத்திருக்கிறார், எதுவரை போயிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் செய்ததில் ஆனது என்ற கேள்வி வரும். நல்ல வழக்கம்தான். வலியும் வீக்கமும் இருந்தால் அந்த வழக்கம் செல்லாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"இது அவங்க திறந்த பல்லு. நான் தொடக் கூடாது. திங்கக்கிழமை வா. அதுவரைக்கும் மாத்திரை எழுதித் தாரேன்."

"இன்னைக்கு ஒண்ணும் செய்ய முடியாதாம்மா?"

"சொல்லிட்டேன்ல."

எஸ்தர் கருவிகளைத் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாள். நான் மாத்திரை எழுதிய சீட்டைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தேன். மருந்து கவுன்ட்டர் திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. வாசலில் கடைசி ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மாத்திரை வாங்காமல்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறை இழுப்பறையில் அதே மாத்திரை இருந்ததும் தெரியும். ஜூனியர் செய்து வைத்த ஏற்பாட்டை நான் எதற்குத் தொட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ரெஜிஸ்டரில், திங்கட்கிழமை சம்பந்தப்பட்ட டாக்டரிடம் வரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மா வரவில்லை. டாக்டர் திங்கள் என்று சொன்ன பிறகு எதற்கு வருவாள்? வேலைக்குப் போய்விட்டு மலை இறங்கி ஊர் சேரும்போது கீழேயும் ஓபி மூடியிருக்கும்.

சனிக்கிழமை காலை, முதல் ஜீப் ஆட்களை இறக்கிவிடாமல் நேரே கேஷுவல்ட்டி வாசலுக்கே ஏறி வந்தது. பேச்சியம்மாவின் நாத்தனார் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஓடினேன்.

இதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை போல இறுகிவிட்டது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது. பேசினால் வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. படுக்க வைக்கப் போனார்கள், அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு இல்லை. பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்துக்குப் போய்விட்டது. இன்னும் சில மணி நேரத்தில் தொண்டை அடைத்துவிடும்.

உட்கார்ந்தபடியே வைத்திருங்கள் என்றேன். கேஷுவல்ட்டி டாக்டர் ஊசி மருந்தும் ஆக்ஸிஜனும் ஆரம்பித்தார். அடுத்து எங்கே அனுப்புவது என்ற கேள்வி. வழக்கப்படி எங்கள் மாநிலத்து மெடிக்கல் காலேஜுக்குத்தான் எழுத வேண்டும். மலைப்பாதையில் நாலு மணி நேரம். கீழே இறங்கினால் தமிழ்நாட்டு மெடிக்கல் காலேஜ் ஒன்றரை மணி நேரம். வெளி மாநிலத்துக்கு ரெஃபர் செய்தால் ஆம்புலன்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று கிளார்க் இழுத்தார். நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லித் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கே எழுதினேன். அந்த மூன்று நாளில் நான் யோசிக்காமல் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் பல்லைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. மெஷின் வைக்க இடமில்லை. எஸ்தர் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, கைக்கருவியால் சுரண்டிச் சுரண்டி அந்த அடைப்பை எடுத்தேன். வியாழக்கிழமை தொட மாட்டேன் என்று சொன்ன அதே அடைப்பு. சீழ் வெளியே வந்தது. பேச்சியம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் எஸ்தரைக் கூடவே அனுப்பினேன். மத்தியானம் அவள் போன் செய்தாள். "கழுத்துல கீறி டியூப் வச்சிருக்காகம்மா. பல்லையும் எடுத்துட்டாக. உசுருக்கு ஒண்ணுமில்லையாம்." அந்தப் பல் போய்விட்டது. பேச்சியம்மா இரண்டு தடவை மலையேறி வந்து காப்பாற்றிக்கொண்டிருந்த பல்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சூப்பரின்டென்டென்ட் என்னையும், பயிற்சி முடிந்து வந்திருந்த ஜூனியரையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவர். மேசையில் டைப் செய்த ஒரு பேப்பர் இருந்தது. இந்த மாநிலத்து அட்டையும் நிலையான விலாசமும் இல்லாதவர்களுக்கு இனிமேல் பல தடவை வர வேண்டிய பல் சிகிச்சை எதையும் ஆரம்பிக்கக் கூடாது, பல்லை எடுத்து அனுப்பினால் போதும் என்று இருந்தது. பாதியில் விட்டால் இப்படித்தான் ஆகும், இவர்களை யார் தேடிப் பிடிப்பது என்றார். கீழே சீனியர் டாக்டர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் என்னுடையது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். இருபது வருஷமாக நான் செய்ததுதான் சரி என்று அரசாங்கப் பேப்பரில் டைப் அடித்து என் முன்னால் வைத்திருக்கிறார்கள். ஏழரை மணிக்கு ஜீப் ஆட்களை இறக்கிவிடுவது நின்றுபோகும். கொய்யாப்பழமும் நின்றுபோகும். பேனாவைத் திறந்துவிட்டேன்.

அவள் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் அடைப்பில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்கும் சார், தப்பு என்னுடையதுதான் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பித் தன் தமிழில் சொன்னாள்.

"மேடம், பேச்சி வலி வந்த உடனேயே வந்திருந்தால் நீங்கள் திறந்து விட்டிருப்பீங்க, இல்லே? பாவம், நான் இல்ல என்று நினைச்சு வராம இருந்திருக்கும்."

குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரெஜிஸ்டரை யாரும் புரட்டியிருக்கவில்லை, எஸ்தர் வாய் திறந்திருக்கவில்லை. அவள் என்னை நம்பினாள். தன் நோயாளி என் முன்னால் வந்து நின்றிருந்தால் நான் பார்த்திருப்பேன் என்று நம்பினாள். அவளிடம் இருந்தவற்றில் எனக்கு எதன் மேல் அதிகப் பொறாமை என்று கேட்டால், கூட்டத்தையும் ஏலக்காயையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். எனக்கு அப்படி யாரையும் நம்பத் தெரியாது.

"வந்தா," என்றேன். "வியாழக்கிழமை வந்தா. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

ஏன் என்று கேட்டார் சூப்பரின்டென்டென்ட். இன்னொரு டாக்டர் பாதியில் வைத்த பல்லைத் தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம் என்றேன். அவர் உடனே தலையாட்டினார். ஆமாம், உங்கள் தொழிலில் அப்படி உண்டுதானே, அப்படியானால் உங்கள் மேல் தப்பில்லை என்றார். நான் தப்பித்துப் போகக் கதவை அகலமாகத் திறந்து வைத்தார். நான் வெளியே போய்விட்டிருக்கலாம். அந்தப் பேப்பரில் கையெழுத்தும் போட்டிருக்கலாம். பெஞ்சில் பாதிப் பல்லோடு காத்திருந்தவர்களை அடுத்த நாளிலிருந்து ஒவ்வொருவராக நானே கூப்பிட்டுப் பிடுங்க ஆரம்பித்திருப்பேன்.

"அதுக்காக இல்லை சார்," என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவருக்கும் சந்தேகமே வரக் கூடாது என்று மலையாளத்தில் சொன்னேன். "அசூயயாணு சார். இவளோடு எனிக்கு அசூய." இவள் மேல் எனக்குப் பொறாமை என்று.

சூப்பரின்டென்டென்ட் ஃபேனைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பேனாவை மூடினேன். அடைப்பில் கோளாறு இல்லை, வரச் சொன்ன நாளில் எல்லாம் அந்தப் பெண் வந்திருக்கிறாள், வரச் சொல்லாத நாளிலும் வந்திருக்கிறாள், விலாசம் இல்லாததால் ஒன்றும் கெடவில்லை, இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் அந்தப் பேப்பரை எடுத்து இழுப்பறையில் போட்டார். அது பிறகு வெளியே வரவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன்.

ஜூனியர் என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான். ஒரு மாதம் கழித்துத் தானாக வந்து, காலை ஜீப்பை வாரத்தில் மூன்று நாள் நீங்கள் பாருங்கள், எனக்கும் தூக்கம் வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு பாடம் எதிர்பார்ப்பீர்கள். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வாரம்கூட அவளுக்கு ஏதோ பாராட்டு விழா என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் கை ஒரு நோயாளியைத் தொடாமல் நிற்கும்போது, வாயில் ஒரு நல்ல காரணம் தயாராக இருக்கும். தொழில் மரியாதை, ஓபி நேரம், கார்டு இல்லை, பாஷை தெரியாது, திரும்பி வர மாட்டார்கள். காரணம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சந்தேகப்படுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பேச்சியம்மா வந்தாள். தாடைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. பின்னால் இன்னொரு ஜீப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள், பல்வலிக்காரி. அன்றைக்குக் காலை என் முறை. பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் பேச்சியம்மா என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டாள்.

"இந்த அம்மா அன்னைக்குப் பல்லத் தொறந்து விடலேன்னா நான் மண்ணுக்குப் போயிருப்பேன்," என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். "கீழ ஆஸ்பத்திரிலயும் சொன்னாக."

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. இத்தனை வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த பார்வை. எனக்கு உடம்பு கூசியது. அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பேச்சி, வியாழக்கிழமையே நான் அதைச் செஞ்சிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. வேணும்னுதான் செய்யலை. நீ அவங்களைக் கேட்டு வந்தது எனக்குப் பிடிக்கலை. உன் பல்லு போனது என்னால."

அவள் தழும்பை விரலால் தடவிக்கொண்டாள்.

"தெரியும்மா. பல்லுதான் நொந்துச்சு, கண்ணு நல்லாத்தான இருந்துச்சு. அன்னைக்கு உங்க மொகத்தப் பாத்தேன்ல."

"தெரிஞ்சுமா எல்லார் முன்னாடியும் கும்பிட்ட?"

"இனிமே வாரவளுகளத் திருப்பி அனுப்ப மாட்டீகள்ல," என்றாள். "அதுக்குத்தான்."

கதவைத் திறந்து, அவள் கூட்டி வந்த பெண்ணை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.